நாற்பத்திரண்டு பல்

முன்னால் பதினாலு, பின்னால் நாற்பத்திரண்டு.
இதுதான் என் மோட்டார் சைக்கிளின் சாதகம்.
முன் பற்சில்லு மூன்று தரம் சுற்றினால்
பின்னது மனமிரங்கி ஒருதரம்.
அறுபத்தைந்தில் என்ஜினுக்குத் தொண்டை கட்டிவிடும்.
அதற்கு மேல் முள் நகராது.

புன்னைக்குடாவில் விடியமுன் ஏற்றிய கீரியும் பாரையும்
ஏறாவூர் ஐசும் பெட்டியுமாய் நூற்றுப்பத்துக் கிலோ.
செங்கலடிச் சந்தியில் திரும்பிக்
கறுத்தப் பாலம் தாண்டும்போதே
பெட்டி மூலையால் சொட்டத் தொடங்கும்.
என் நட்டக் கணக்கை
நானே றோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன்.
வெயில் வாசித்து வாசித்து அழிக்கிறது.

குலேந்திரன் என்னைக் கடப்பது
கரடியனாற்றுக்கு முன், நேர்றோட்டில்.
ஹோர்ன்கூட அடிப்பதில்லை.
அவன் போன பிறகு
அவன் பெட்டியின் வாசம் ஒருமுறை என்னைக் கடக்கும்.
நான் புல்லுமலைக்குப் போய்ச் சேரும்போது
சட்டிகளில் எல்லாம்
அவனுடைய சூரை கொதித்துக்கொண்டிருக்கும்.

இஸ்ஸதீன் பல்லுக் குத்தியபடி சொன்னார்:
"முன்னுக்கு ஒரு பல்லுக் கூட்டுறதும்
பின்னுக்கு மூணு பல்லுக் குறைக்கிறதும் ஒண்டுதான்.
ரெண்டையும் செய்வமா?"
செய்தார். பதினைந்து, முப்பத்தொன்பது.
அச்சைப் பின்னுக்கு இழுத்துச்
சங்கிலியின் தொய்வை விழுங்கவைத்தார்.

அடுத்த நாள் எழுபத்தைந்து!
சட்டைக் கொலர் காதில் அடிக்கக்
குலேந்திரனின் முதுகு பெரிதாகிப்
பக்கத்தில் வந்து
இல்லாமற் போனது.
பதினொரு நிமிடம் நான் ராசா.

பிறகு ஏற்றம்.
நாலாம் கியர் மறுத்தது. மூன்றாம் கியர் முனகியது.
ரெண்டில் ஊர்ந்தேன்.
படலைக்குப் படலை நின்று,
நிறுத்து, வெட்டி, மிச்சக்காசு தேடி,
திரும்பக் கிளம்புகையில் கிளச் கருகி மணத்தது.
சட்டியோடு வந்தவள் மூக்கைப் பொத்தினாள்.
"என்னகா, மீன் பழசா?"
மீனில்லை பிள்ளை, கிளச்.
அவள் நம்பவில்லை. வாங்கவுமில்லை.

திரும்பும் வழியில், வளைவில், யானை.
ஒற்றை.
சைக்கிளைத் திருப்பிக் கைப்பிடியை முறுக்கினேன்.
அது யோசித்தது.
எழுபத்தைந்து எங்கோ தூரத்தில் இருந்தது.
எனக்குத் தேவைப்பட்டது
உடனே ஒரு இருபது.
நல்லவேளை, யானை மற்றப் பக்கம் பார்த்துக்
காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

இரவு சுலக்சனா ஐஸ் கொப்பியைத் திறந்தாள்.
எத்தனை கட்டி போட்டது, எத்தனை தண்ணியாய்ப் போனது,
எல்லாம் அவள் கையெழுத்தில்.
"எத்தனை இடத்தில நிக்கிறீங்க?"
எண்ணியதில்லை. விரல் விட்டேன்.
இருபத்துமூன்று.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்:
"அப்ப உங்கட தொழில் ஓடுறதில்ல,
வெளிக்கிடுறது."

நாற்பத்திரண்டு திரும்பி வந்தது, பதினாலும்.
முப்பத்தொன்பது குசினி ஆணியில் தொங்கியது,
அதில் அவள் பிடிதுணி காயப்போட்டாள்.
குலேந்திரன் மறுபடி கடந்தான்.
இந்தமுறை ஹோர்ன் அடித்தான்.
நான் கையைக் காட்டினேன்.
பெருந்தெரு அவனுக்கு.
அவன் சைக்கிள் ஏற மாட்டேனென்று சொல்லும்
கல் ஒழுங்கைகளுக்குள் நான் போகிறேன்,
அங்கேயும் மனிசர் சோறு தின்கிறார்கள்.

கார்த்திகையில் கடல்
வள்ளங்களைக் கரைக்குத் துரத்திவிட்ட ஒரு நாள்
மழையும் கொஞ்சம் விட்டிருந்தது.
பெட்டியைக் கழற்றினேன்.
ஆணியில் இருந்ததை எடுத்துப் பூட்டினேன்,
இஸ்ஸதீன் தந்த பதினைந்தையும்.
ஐஸ் இருந்த இடத்தில் அவள் ஏறி இருந்தாள்.
கிரான் கழிந்த நேர்றோட்டில்
முள் எழுபத்தைந்தில் நின்று நடுங்கியது.
போதுமா என்று கத்தினேன்.
காற்று பாதியைத் தின்றது.
கணக்குக் கொப்பிக்காரி
என் தோளில் தட்டிச் சொன்னாள்:
"இன்னும் ரெண்டு பல்லைக் கழட்டுங்க!"