சாவி திருப்பியதும்

சாவியைத் திருப்பியதும்
எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும்,
பிறகு அணைய வேண்டும்.
அணையாத விளக்கு குற்றம்.
எரியாத விளக்கும் குற்றம்தான்.
பதினெட்டு வருடமாய் இதைத்தான் பார்க்கிறேன்
கோரிஸில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய பட்டறையில்.
பிப்ரவரியில் இங்கே மழை பக்கவாட்டில் பெய்யும்.
கற்பலகைக் குவாரியின் கழிவு
மலைக்கு மேல் இன்னொரு மலையாய் நனையும்.

மென்னா பெப் கொண்டுவந்த கோர்சாவில்
ஏர்பேக் எரிந்து அணைந்தது,
பிரேக், என்ஜின், ஆயில், பேட்டரி
வருகைப்பதிவில் "உள்ளேன்" சொல்லிவிட்டு உட்கார்ந்தன.
அடி தட்டையான சட்டிக்குள்
ஆச்சரியக்குறி போட்ட அந்த மஞ்சள் மட்டும்
வரவில்லை.

(அது டயர் என்று யாருக்கும் தெரிவதில்லை.
போன வாரம் ஆட்டுப்பண்ணை இவோர் கேட்டார்:
"இந்த சூப் சட்டி எதைப் பார்த்து இப்படி வியக்கிறது?")

அணைத்தேன், மறுபடி திருப்பினேன்.
டார்ச் அடித்துக் குனிந்தால்
கண்ணாடியின் மேல், மிளகளவு,
நகக் கத்திரியால் வட்டமாய் வெட்டிய
கறுப்பு டேப்.
சுத்தமான வேலை.
புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை.

"எப்போதிலிருந்து, மென்னா?"
"நவம்பர்."
"நிலையாய் எரிந்ததா, சிமிட்டிவிட்டு எரிந்ததா?"
நர்ஸ் சட்டையில் தலைகீழாய்த் தொங்கும் கடிகாரத்தைத் தொட்டாள்.
"அறுபத்தெட்டு சிமிட்டல். எண்ணினேன். அப்புறம் நிலை.
டயர்க் கடையில் நாலையும் பார்த்தான், ஒன்றுமில்லை என்றான்.
ராத்திரி ஒரு மணி, தாலலின் ஏரி தாண்டி மலைப்பாதை,
வலிக்கான ஊசியோடு ஒரு வீட்டுக்குப் போகிறேன்.
அங்கே ஒருவர் கூப்பிடுகிறார்,
இங்கே இதுவும் கூப்பிட்டால்
நான் எத்தனை பேருக்குத்தான் போவது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
காற்றளவியை வைத்தேன்.
முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
டயர்கள்மேல் ஒரு குறையும் இல்லை.
பின் இடது சக்கரத்துக்குள்
குட்டி பேட்டரி ஒன்று
பத்து வருடம் இருட்டில் சுற்றிச் சுற்றி
காற்றுக்குக் காது கொடுத்துவிட்டுச் செத்திருக்கிறது.
விளக்கு சொன்னது அதைத்தான்:
காற்று இருக்கிறது,
காவல் இருந்தவன் போய்விட்டான்.

"செத்த பிறகா மூன்று மாதம் கூப்பிட்டது?" என்றாள்.
சிரித்தாளா என்று
தகரக் கூரை மழையில் தெரியவில்லை.

'தோல்வி' என்று கணினியில் தட்டினேன்.
அந்தப் படிவத்தில் களைப்புக்குக் கட்டம் கிடையாது.
வாதாடுவாள் என்று பதில்களோடு நின்றேன்.
அவளோ போனை எடுத்து யாரிடமோ
"அரைமணி தாமதமாகும்,
முதுகுக்கு இன்னொரு தலையணை கொடுத்து வையுங்கள்" என்றாள்.
என் பதில்கள் கையிலேயே இருந்தன.

என் வேன் சாவியைக் கொடுத்தேன்.
ஏறினாள். திருப்பினாள். ஜன்னலை இறக்கினாள்.
"இங்கேயும் சட்டி எரிகிறதே!"

எரிகிறதுதான். கிறிஸ்துமஸிலிருந்து.
பின் வலது. வாரத்துக்கு நாலு பவுண்டு குறையும்.
திங்கள்தோறும் அடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.
இன்று வெள்ளி.

குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன்.
வால்வுக்கு மூடியும் இல்லை.
சேற்றில் முட்டிபோட்டுக் காற்று ஏற்றும்போது
மேலிருந்து அவள் குரல்:
"இந்த வண்டியை நீ யாரிடம் காட்டுகிறாய்?"
"பக்கத்து ஊரில்," என்றேன். "ஜூனில்."
ஒன்றும் சொல்லாமல் கியர் போட்டாள்.

அந்த விளக்கு உடனே அணையாது,
கொஞ்ச தூரம் ஓடினால்தான் நம்பும்.
பாலம் தாண்டி, வளைவு தாண்டிப் போனாள்.
அணைந்ததா என்று தெரியாது.

விரலில் அந்தக் கறுப்பு மிளகு
உதறினாலும் விழவில்லை.
மறுசோதனைக்கு அடையாளமாய்
காலண்டரில் ஒட்டினேன்.
தேதி மறைந்துபோனது.
பிய்த்து,
கொஞ்சம் தள்ளி ஒட்டினேன்.