பத்துக்குப் பதினைந்து

மான்கூர்ட் ரயில் பாதைக்கு அப்பால்
ஊர் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில்
நாலு மூங்கில் ஊன்றி
பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன்.
பத்துக்குப் பதினைந்து.
யாருது என்று கேட்டவனிடம்
என்னுது என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

ஒரு லாரி இடிபாடு நாற்பது ரூபாய்.
யார் வீட்டுக் குளியலறையோ,
நீல ஓடுகள் காலடியில் நொறுங்கின.
அமாவாசை ஓதம் ஏறி வந்து
பாதித் தரையைத் திரும்ப வாங்கிக்கொண்டது.
மறுபடி ஒரு லாரி.

அடுத்த சதுரம் தங்கபுஷ்பத்துக்கு.
அவளுக்கும் ஆள் இல்லை;
இருந்தவன் சூரத்தில் இருக்கிறான்.
இரண்டு குடிசைக்கும் ஒரே தகரச் சுவர்,
காசு மிச்சம் என்று சொல்லிக்கொண்டோம்.
ஆணித் துளை வழியே சணல் கயிறு:
ஒரு முனை அவள் கால் கட்டைவிரலில்
மறுமுனை என் மணிக்கட்டில்.
ராத்திரி செருப்புச் சத்தம் கேட்டால்
ஒரு இழுப்பு.

ஆளில்லாத குடிசையில்
அடுத்தவன் பூட்டுத் தொங்கும்.
அதனால் ஒருத்தி ஊருக்குப் போனால்
மற்றவள்
இரண்டு அடுப்பிலும் புகை காட்டுவாள்.

ஆறாவது மழைக்குப் பிறகு
கணக்கெடுக்க ஒருவர் வந்தார், குடையோடு.
"புருஷன் பேர்?"
கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம்.
"கோடு போட்டுக்குங்க சார்."
போட்டார். கொஞ்சம் கோணலாக.
கதவில் தாரால் எண் எழுதினார்,
காய்வதற்குள் தொட்டுவிட்டேன்,
எட்டின் வயிறு இழுபட்டுப் போனது.

அன்று இரவு தகரத்தில் தட்டி
இனி கயிறு எதுக்குடி, அவிழ்த்துடவா என்றேன்.

பேச்சு இல்லை.
ஒரு இழுப்பு.