அறுபத்து மூன்று முறை

அஞ்சலாட்சி அந்த ஃபிளாப்பியை
இடியாப்ப மாவுக் கவரில் சுற்றி எடுத்துவந்தாள்.
காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் என் ஃபிளெக்ஸ் கடை.
யாருக்கோ கண்ணீர் அஞ்சலி
மார்பு வரை அச்சாகியிருந்தது.

"இதுல எங்க வூடு கீது.
கடல் தூக்கிக்கினு போன எடத்துல
வூடு இருந்துச்சுன்றதுக்கு இன்னா ஆதாரம்னு
தாலுகா ஆபீஸ்ல கேக்கறான்."

ரிச்சி தெருவில் நானூற்றைம்பதுக்கு ஒரு டிரைவ்.
கறகறவென மென்று
ஒரே ஒரு ஃபைலைத் துப்பியது:
வீடு ஒன்று, புள்ளி, பி சி எக்ஸ்.
போன் சொன்னது: ஆதரிக்கப்படாத வடிவம்.
லேப்டாப் கேட்டது: எதைக்கொண்டு திறக்க?
கடப்பாரை என்று ஒரு ஆப் இருந்தால்
அதைச் சொல்லியிருப்பேன்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஃபைலை எண்களாகப் பிரித்தேன்.
முதல் எண் பத்து. சரிதான்.
மீதியில் அந்தக் காலத்துச் சிக்கனம்:
ஒரே நிறம் அடுத்தடுத்து வந்தால்
எத்தனை முறை, எந்த நிறம், இரண்டே எண்.
ஒரு மூச்சுக்கு அறுபத்து மூன்றுதான் உச்சம்.
வானம் அறுபத்து மூன்று முறை,
மறுபடி அறுபத்து மூன்று முறை.
சுவர் நாற்பது. சன்னல் ஒன்பது.
கடல் மட்டும்
ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று
சுருங்க மறுத்து
ஃபைலில் பாதியைத் தின்றிருந்தது.

விடிவதற்குள் படம் திறந்தது, சாம்பலில்,
சுவரைவிட நிழல் வெளுத்து.
நிறப் பட்டியல் ஃபைலின் வாலில் இருக்கும்.
வால் இருந்த இடத்தில் பூஞ்சை.
கதவு நூற்றுப் பதினேழாம் நிறம்.
நூற்றுப் பதினேழு எந்த நிறமென்று
இனி எந்த எந்திரமும் சொல்லாது.

"கலர் போயிடுச்சுக்கா.
நீங்க சொன்னா ஒண்ணொண்ணா பூசிடறேன்.
கதவு பச்சையா, நீலமா?"

கண்ணாடியைப் புடவையில் துடைத்துக் குனிந்தாள்.
துணிக்கொடி, கவிழ்த்த டீசல் கேன்,
படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதி முதுகு.
விரல் முதுகில் கொஞ்சம் நின்று
கதவுக்கு மேலே போனது.
"நீ இன்னாப்பா,
கலரு பூசினா பொய்யின்னு சொல்லமாட்டானா?
இத்தப் பெருசாக்கு."

பெருசாக்கினேன்.
பத்துப் பன்னிரண்டு கட்டங்களில் ஒரு நாலு.
பக்கத்தில் ஒரு ஏழு.
கீழே மின்வாரியத் தகடு, படிக்க முடியாமல்.

"கதவு நம்பர் போதும். ஆறு காப்பி போடு."
டிரைவ் காசை நான் கேட்கவில்லை,
அவளும் விலை பேசாமல் எண்ணிக்கொடுத்தாள்.
கட்டரில் முதல் தாளை வைத்தபோது
படியில் இறங்கியவள் திரும்பினாள்:

"ஓரத்த வெட்டிடாத."