மூன்றாவது தோட்டா

கண்ணமங்கலம் தாண்டினால் பஸ்ஸுக்குள் அவித்த நெல் வாடை ஏறும்,
ஆரணி வரப்போகிறது என்று மூக்கு எழுப்பிவிடும்.
தன்யகுமார நயினார் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார்
குடையோடு. மழை இல்லை.
"பத்து நாளைக்குள்ள திருப்பித் தரலாமாம்.
நீங்க பார்த்துச் சொல்லுங்க ஹவில்தார்."

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில்
துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, பூட்டியவன் நான்.
கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருத்தன் சுட்டிருப்பான்.
நான் சுட்டது கொஞ்சம், திருகாணி தேடியது அதிகம்.

வசூல் பையோடு வந்த கணக்குப்பிள்ளையை
சேவூர் வளைவில் மறித்தார்கள்.
அதற்குப் பிறகு எழுதிப்போட்ட லைசென்ஸ்,
ஒன்றரை வருஷம் கழித்து வந்தது.

கறுப்பு. உடம்பில் மருந்துக்கும் மரம் இல்லை.
அட்டைப்பெட்டிமேல் ஒரு தாடிக்காரன் முறைக்கிறான்,
முட்டிக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி.
அவன் பெண்டாட்டி பிள்ளைகளை
பெட்டியின் எந்தப் பக்கத்திலும் காணோம்.

எடை, வெறும் வயிற்றில் மூன்றே கால் கிலோ.
ஐந்து தோட்டா ஊட்டிக் கையில் கொடுத்தால்
"அரிசி மூட்டையே தேவலை,
அது தோள்ல ஒழுங்கா உட்காரும்" என்கிறார் சுநந்தாம்மா.
கட்டை அவருக்கு இரண்டு விரல் நீளம்.
விசைக்கு விரல் எட்டினால் கன்னம் எட்டவில்லை.

கிளப் திடலில் தவிட்டு மூட்டையை நிறுத்திச் சுட்டேன்.
ஒன்று. கோணி கிழிந்தது.
இரண்டு. தவிடு பறந்தது, காக்கைகளும்.
மூன்றாவதின் கூடு
பாதி உள்ளே பாதி வெளியே
படிக்கட்டுக் கண்டக்டர் மாதிரி தொங்கிக்கொண்டு நின்றது.
இங்கே கிடைக்கிற மலிவுத் தோட்டாவின் உதை
அந்த ஸ்பிரிங்குக்குப் போதவில்லை.
தானே ஏற்றிக்கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
யார் வாங்கிய தோட்டாவை என்று போடவில்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது.
விளக்கைத் தேடி வருகிற பூச்சி
இலையில் விழுந்து செத்துவிடக் கூடாதாம்.
குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.
நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
என்னை வரச் சொன்னது ஆயுதம் பார்க்க.

பதினோரு மணிக்கு விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னேன்.
காலித் துப்பாக்கியோடு, திறந்த அறையோடு,
படுக்கையிலிருந்து வாசல் வரை நடந்தேன்.
பதினாறு அடி.
எட்டாவது அடியில் குழல் பிரிட்ஜில் இடித்தது.
திருடனுக்கு அதுவே சேதி சொல்லியிருக்கும்.
வாசல் ஓரமாக ஒரு பிளைவுட் தடுப்பு.
"இதுக்கு அந்தாண்ட?"
நயினார் இருட்டில் கொஞ்சம் யோசித்தார்.
"பாய்லர் மாசிலாமணியோட பையன் படுப்பான்.
கொசு இல்லாத இடம் அது ஒண்ணுதான்."
சொன்னேன், ஒரு தோட்டாவுக்குள் ஒன்பது குண்டு.
பிளைவுட்டை அது அப்பளம் என்றுதான் நினைக்கும்.
யாரும் விளக்கைப் போடவில்லை கொஞ்ச நேரம்.

காலையில் கணக்கு நோட்டில் எழிதிக் கொடுக்கச் சொன்னார்,
எழுதினேன்: நல்ல தோட்டா வெளியூரிலிருந்து வரணும்.
கட்டையை அறுக்கணும்.
பிரிட்ஜை நகர்த்தணும்.
முதலில் வாசலுக்கு இரும்பு கேட், அதற்கு ஒரு நல்ல பூட்டு.
வைத்துக்கொள்ளலாமா என்ற இடத்தில்
பேனா மை தீர்ந்ததுபோல் நடித்தேன்.

பத்து நாள் போயிற்று. அவர் திருப்பித் தரவில்லை.
கேட் போட்டார். பையனை மாடிக்கு மாற்றினார்,
கொசுவலை வாங்கிக் கொடுத்தார்.
பிரிட்ஜ் அங்கேயேதான்.

மாசியில் தேர்தல் அறிவித்தார்கள்.
லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போகணும்.
நயினார் போன் போட்டார், பின்னால் ஆலை இரைச்சல்.
"ரசீதை பீரோல அதே இடத்துல வெச்சிருக்கேன்.
சாவி இடுப்புல."
தூக்கம் வருதா என்றேன்.
"ம், நல்லா."
வைக்கப் போனவர் மறுபடி,
"ஹவில்தார், ஓட்டு எண்ணி முடிச்சதும் வாங்கிக்கச் சொல்வாங்க.
ஒரு மாசம் தள்ளிப் போனா
ஃபைன் ஏதாவது உண்டா?"