உறுப்பினர் எண் 317

கல்மண்டபம் சந்தைக்குப் பின்னால்
மாடிப்படிக்குக் கீழே ஒரு வாடகை நூலகம்.
அங்கேதான் எடுப்பேன்
அந்த வெள்ளைக்காரம்மாவின் கொலைக் கதைகளை,
தாள் மஞ்சளித்த தமிழில்,
வாரம் ஒன்று, பத்து ரூபாய்.

ஸ்டேஷனில் எனக்கும் ரைட்டர் என்றுதான் பெயர்.
அவள் எழுதினால் கொலை.
நான் எழுதினால் பிரிவு நூற்று எழுபத்து நாலு.

அவள் கதையில் பனி பெய்யும்.
வெளியேற வழியிருக்காது,
எட்டுப் பேர், ஒரு பிணம், ஆறிய தேநீர்.
எங்கள் சரகத்தில் பனி என்றால்
ஐஸ் லாரி ஒழுகிக்கொண்டே காசிமேடு போவது.
காலடித் தடம் என்றால்
அதன்மேல் மீன் கழுவிய தண்ணீர் ஓடி
அரைமணி ஆகியிருக்கும்.
எட்டுப் பேரைக் கூடத்தில் உட்காரவைக்க
முதலில் எட்டு நாற்காலி வேண்டும்.
ஸ்டேஷனில் மூன்று. ஒன்றுக்குக் கால் இல்லை.

இருந்தும் படிப்பேன், நைட் டூட்டியில்,
வயர்லெஸ் கரகரப்புக்கு நடுவே.
கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் வாய் மூடி
உண்மையைக் கேட்டுக்கொண்டிருப்பார்களே,
அதற்காக.

ஓரத்துப் பென்சில் எழுத்தை முதலில் பார்த்தது
திராட்சைத் தோட்டக் கதையில்.
பக்கம் அறுபத்திரண்டு: 'தங்கச்சிதான்.'
தங்கச்சியேதான்.
அடுத்த புத்தகம், பக்கம் நாற்பது:
'இந்த நர்ஸை நம்புகிறவர் தோற்பார்.'
நம்பினேன். தோற்றேன்.
பதினான்கு புத்தகம், பதினான்கிலும் சரி.
சின்ன எழுத்து. 'ற' மட்டும்
கால் நீண்டு அடுத்த வரியை மிதிக்கும்.

'இதெல்லாம் 317 வேலக்கா,
பென்சிலு இல்லாம படிக்கவே படிக்காது'
என்றான் கடைப் பையன், லெட்ஜரைத் திருப்பி.
பிலோமினா, ஜீவரத்தினம் நகர்.

எனக்கு ரெக்கார்டு அலமாரியின்
பூச்சி உருண்டை வாசனை வந்தது.

மூன்று மனு.
மூன்றிலும் 'அடிக்கிறார்'.
அந்த ற.
மூன்றுக்கும் ரசீது கொடுத்தவள் நான்.
'பேசி அனுப்பப்பட்டது' என்று
சிவப்பு மையில் எழுதினவளும்.
நாலாவது முறை அவள் வரவில்லை.
புருஷன் டைட்டஸ் வந்தான்,
ஸ்டான்லி பிணவறையிலிருந்து, ஒரு தாளாக.
குடிபோதை, வாந்தி, மூச்சடைப்பு.
உள்ளுறுப்பில் விஷம் ஏதும் கண்டறியப்படவில்லை.
சந்தேகமில்லை என்று முடித்து
அடியில் கோடு போட்டேன், ஸ்கேல் வைத்து.

இப்போது பதினைந்தாவது புத்தகம் மடியில்.
இதில் பென்சில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.
பக்கம் நூற்றுப் பதினெட்டில்
ஒரு வாக்கியத்துக்குக் கீழே மட்டும் கோடு.
எத்தனை சொட்டு, எத்தனை மணி நேரம்,
பிறகு எது மிஞ்சாது என்கிற வாக்கியம்.
ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை
அழுத்திப் போட்டது.

நல்ல வாசகியாகவும் இருக்கலாம்.
குற்றவாளி எங்கே சறுக்குவான் என்று
குறித்து வைத்திருக்கலாம்.
வயர்லெஸ்ஸில் யாரோ
பேசின் பிரிட்ஜில் லாரி கவிழ்ந்ததைச் சொல்கிறார்கள்.

கதை என்றால் நான் இப்போது
எல்லோரையும் கூப்பிட வேண்டும்.
யார் யார் வருவார்கள்?
பிலோமினா. அவள் மாமியார்.
சுவருக்கு இந்தப் பக்கம்
டிவி சத்தத்தைக் கூட்டிவைத்த இரண்டு வீடுகள்.
பேசி அனுப்பச் சொல்லிவிட்டு
திருத்தணிக்கு மாற்றலாகிப் போன இன்ஸ்பெக்டர்.
சிவப்பு மைப் பேனாவோடு ஒருத்தி.
நாற்காலி போதாது என்றேனே.

என் பைக்குள் மகன் மறந்துவிட்ட ரப்பர்,
ஸ்ட்ராபெர்ரி வாசனை.
தேய்த்தேன்.
கரி போனது.
பள்ளம் போகவில்லை, விரலால் தடவினால் தெரிகிறது.
இன்னும் தேய்த்தால் தாள் கிழியும்.

சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தேன்.
தாமதத்துக்கு நாலு ரூபாய்.
'இத வேற யாராச்சும் எடுப்பாங்களாடா?'

'யாரு எடுக்கப் போறா,
நீயும் அந்தக்காவும்தான்.'