பதினோரு நிமிடம்

பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றினால்
உள்ளே ஒரு எலிக்கூடு:
பஞ்சு, பைன் ஊசி, யாரோ தொலைத்த ரசீதில் பாதி.
மூன்று குளிர்காலமாக என் சுபாரு
அதன் வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது.

பியூட், மான்டானா. ஜனவரி.
கராஜுக்குள்ளேயே மைனஸ் ஒன்பது.
பத்து மில்லிமீட்டர் சாக்கெட்டை வழக்கம்போலக் காணோம்;
பக்கத்து வீட்டு டெல்பர்ட்டின் மேல்கோட்டில் கிடைத்தது,
கிடைத்ததும் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
புதுக் குழாய் அலுமினியம். மடக்கிய முழங்கை மாதிரி ஒரு வளைவு.
கடைசி கிளாம்ப் மட்டும் கடைசி வரை முறைத்தது.
அதை நான் திட்டிய சொற்கள்
இங்கே எழுதுவதற்கில்லை.

பேட்டரி வயரைப் பிடுங்கி வைத்தால்
கம்ப்யூட்டருக்குப் பழசெல்லாம் மறந்துபோகும் என்றார் டெல்பர்ட்.
பத்து நிமிடம் போதுமாம்.
நான் அரை மணி நேரம் விட்டேன்.

குழாய் அகலமாகிவிட்டது; சென்சாரின் மேல்
காற்று நிதானமாக நடக்கிறது.
பத்துப் படி வந்தால் ஒன்பது என்கிறது.
பொய் என்று சொல்ல முடியாது,
அதற்குத் தெரிந்தது பழைய அகலம்.
கம்ப்யூட்டர், சொல்பேச்சு கேட்கிற பிள்ளை,
ஒன்பதுக்கே பெட்ரோல் அளக்கிறது.
அரை வயிற்றோடு மேடு ஏறும் எஞ்சினுக்குள்
யாரோ கூழாங்கல்லைக் குலுக்குகிறார்கள்.

இதைத் திருத்தத் துல்சாவில் ரென்ஃப்ரோ இருக்கிறார்.
முகம் பார்த்ததில்லை.
நான் ஓட்டி, லாப்டாப்பில் பதிவெடுத்து அனுப்ப வேண்டும்.
அவர் அட்டவணையில் எண்களை நகர்த்தித் திருப்பி அனுப்புவார்.
ஒரிஜினல் ஃபைலைப் பத்திரமாக வை, இது முதல் விதி.
இரண்டாவது விதி, முதல் விதியை மறக்காதே.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் முடிந்து
ஒன்றரை மணிக்குக் கிளம்பினேன்.
சுரங்கக் கோபுரங்கள் சிவப்பு விளக்கோடு நின்றன,
இறக்க ஆளில்லாத மாலைபோல் ஒவ்வொன்றின் கழுத்திலும்.
ஹாரிசன் அவென்யூவில் மூன்றாவது கியர்,
மிதி தரையைத் தொட, ஒரே ஒரு முறை.
ஃபைலை அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் பதில்:
"கூழாங்கல் போய்விட்டது. ஒரு சந்தேகம்.
2:14 முதல் 2:25 வரை வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது.
உள்ளே போகும் காற்று மைனஸ் பதினெட்டிலிருந்து
பிளஸ் பதினாறுக்கு ஏறியிருக்கிறது. சிக்னலா?"

இந்த ஊரில் பதினோரு நிமிட சிக்னல் கிடையாது.
அது மவ்ரீன் வீடு.
எதிர்ச்சாரியில், ஹெட்லைட்டை அணைத்துவிட்டு.
சமையலறையில் வெளிச்சம், அக்கா எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்
அந்த நேரத்தில்.
அம்மா வீட்டை விற்ற பணம்; கணக்குப் பார்த்தோம்,
பிணக்கு வந்தது, நான்கு வருடம்.
அங்கே போய் நிற்பதை யாரிடமும்
மூச்சு விட்டதில்லை.
மூச்சை எண்ணவே செய்த யந்திரம்
புட்டுப்புட்டு வைத்துவிட்டது.

"ஆமாம், சிக்னல்" என்று எழுதினேன்.

ரென்ஃப்ரோ மேலே கேட்கவில்லை.
"நிற்கும்போது இந்தக் குழாயால் பிரயோஜனமில்லை.
புதுக் காற்று வராது,
தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருக்கும்.
ஒன்று நகரு, இல்லாவிட்டால் அணை.
மூன்றாவது திருத்தம் அனுப்பியிருக்கிறேன்."

வியாழன் இரவு அதை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன்.
மேட்டில் வண்டி முனகவில்லை.
ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தின் மெலிந்த காற்றைக்கூட
மிச்சம் வைக்காமல் இழுத்தது; அந்த உறுமல் எனக்கே கூச்சம்.

"2:09-க்குப் பதிவு பாதியில் நிற்கிறதே,
லாப்டாப்பில் சார்ஜ் போய்விட்டதா?"

இல்லை ரென்ஃப்ரோ.
சாவியைத் திருப்பினேன்.

தெருவில் பனி விழுகிற சத்தம் வரைக்கும் நிசப்தம்.
ஜன்னலில் கழுவிக்கொண்டிருந்த கை
நின்றது.
எஞ்சின் நின்றதுதான் அவளுக்குக் கேட்டிருக்கிறது.
அப்படியென்றால்
இத்தனை இரவும் அது ஓடியது.