சரக்கு ரயில் போகும் வரை

எனக்குச் சுரம் தெரியாது.
இருபத்து மூன்று ஜோடிப் பனிக்காலணி தெரியும்,
எது யாருடையது என்று, பார்க்காமலே.
சோல்னோக் நகரில் தண்டவாளத்தை ஒட்டிய
மழலைப் பள்ளியில் தரை துடைக்கிறேன்.
ரொட்டிக்கு பிளம் ஜாம் தடவுகிறவளும் நான்தான்.

எமோகே அக்டோபரில் வந்தாள்.
பியானோவைத் திறக்கவே இல்லை,
அதன் மேல் கையுறைகளைக் காயப்போடச் சொன்னாள்.
இந்த வருஷத்துக்கு இரண்டு சுரம் போதும் என்றாள்.
மேலே ஒன்று, சற்றுக் கீழே ஒன்று:
மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்துப் பிள்ளைகள்
அம்மாவைக் கூப்பிடுகிற அதே இறக்கம்.
அதிலேயே பெயர் வாசித்தாள்,
அதிலேயே மூக்கைச் சிந்தச் சொன்னாள்.

பிறகு வாத்து விளையாட்டு.
கைகோத்து வட்டம், நடுவில் ஒரு வாத்து.

    வாத்து போகுது பாலத்திலே
    வாலு நனையுது ஈரத்திலே
    பாலம் எங்கே முடியுது?
    பாதி வழியில் விடியுது

நடைக்குத் தா, ஓட்டத்துக்குத் தீ-தீ.
கேள்வி முடிந்ததும் ஒரு தட்டு வெறுமை:
அந்த ஒரு தட்டுக்கு வட்டம் முழுக்க
ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.
ஷெய்கே எப்போதும் அரைத் தட்டு முந்துவாள்.
அவளுக்கு எதிலும் அவசரம்,
பல் விழுவதில்கூட.

பத்து இருபதுக்குச் சரக்கு ரயில்.
கண்ணாடி நடுங்கும், அலமாரிக் கரண்டிகள் நடுங்கும்.
முன்பிருந்த ஆசிரியை காதைப் பொத்திக்கொள்வார்.
எமோகே கையை உயர்த்தி விரல்களை மடக்கினாள்:
பாட்டு இப்போது என் பிடிக்குள்.
வாய் மூடணும், கால் நிற்கக் கூடாது,
உள்ளே பாடிக்கொண்டே நடக்கணும்.
கை விரிந்ததும் எங்கே இருக்கிறோமோ
அந்தச் சொல்லோடு வெளியே வரணும்.

முதல் வாரம் முழுக்கச் சண்டை.
நான்கு பேர் பாலத்தில், இருவர் ஈரத்தில்,
பெந்தெகூஸுக்கு மட்டும் விடிந்தே போயிருந்தது.

சோங்கோர் பாடுவதில்லை.
பள்ளிக்கு வந்து ஐந்து மாதம், ஒரு சொல் இல்லை.
ஜாம் வேண்டுமென்றால் என் ஏப்ரனை இழுப்பான்.
எமோகே கெஞ்சியதில்லை.
ரயில் வரும்போது மட்டும்
வட்டத்தில் அவனைப் பிரித்தறிய முடியாது.
எல்லா வாயும் மூடியிருக்கும்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
ரயில் முடியவே இல்லை.
மரக்கட்டை, மணல், துணி போர்த்திய ஏதோ யந்திரங்கள்.
எழுபது பெட்டி வரை எண்ணி விட்டுவிட்டேன்.
எமோகேயின் கண்ணில் தெரிந்தது, அவளும் தொலைத்துவிட்டாள்:
எந்த வரி, வாலா, பாலமா.
கடைசிப் பெட்டி போன பிறகும் கை மூடியே இருந்தது.
சாக்ஸ் தேயும் சத்தம்.
ஒருவர் இங்கே ஒற்றைக் காலில், ஒருவர் அங்கே,
கலைந்த கொக்குக் கூட்டம்.

சோங்கோரின் உதடு அசைந்தது என்று எழுதினால்
அழகாயிருக்கும். அசையவில்லை.
பன்னிரண்டு எட்டு நடந்தான்.
பதின்மூன்றாவதற்குக் கால் எழுந்து
தரைக்கு வராமல் நின்றது.
அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே கால்.
அவசரமில்லை, சந்தேகமுமில்லை.

சரியா தப்பா என்று சொல்ல அங்கே யாருமில்லை.
ரயிலும் போய்விட்டது.
எமோகே மூன்றாம் சுற்றுக்குக் காத்திருந்து
அவன் கால் இறங்கும் நொடியில் கையை விரித்தாள்.
பாதி வழியில் என்று இருபத்திரண்டு குரல்
ஒரே கதவு வழியாக விழுந்தது.
சரி, இருபத்தொன்று. ஷெய்கே ஏற்கெனவே வெளியே இருந்தாள்.

அன்றும் அவன் பாடவில்லை.
ஜாம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் நடைகூடம் துடைத்தேன்.
அம்மா வரத் தாமதமான பெந்தெகூஸ்
பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தான்.
நான்கு நாற்பது ரயில் வந்தது.
யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டேன்.
துடைப்பம் இடம், துடைப்பம் வலம்,
வாளியருகே ஒற்றைக் காலில் ஒரு தட்டு,
ஐம்பத்தாறு வயசில்.
ரயில் ஓய்ந்ததும் வாயைத் திறந்தேன்:
ஈரத்திலே.

தப்பு, என்றான் பெந்தெகூஸ்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
அது எப்பவோ விடிஞ்சாச்சு.